மிஷன் வீட்டில் இருந்தவர்கள்

நிக்கோசியா, சைப்பிரஸ்
12 ஜனவரி 2026

அண்ணா,

'இயேசுவுக்கே புகழ்' என்று எழுதித்தான் நம் வீட்டில் கடிதம் தொடங்குவோம். இன்றைக்கு அதை எழுதக் கை வரவில்லை.

நான்கு நாளாக ஃபோனில் கோல் எடுக்கிறேன். இரண்டு தடவை அடிக்கிறது, நீங்கள் வெட்டிவிடுகிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். தபால்காரரை நீங்கள் வெட்ட முடியாது.

தோட்டத்தில் இருக்கிற என் சிநேகிதி லோஜினி எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். நம் வெள்ளிமலைத் தோட்டத்து ஆட்கள் பொலிசுக்குக் கொடுத்த பெட்டிசன். தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் யாரோ பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். கோயிலுக்குப் பின்னால் இருக்கிற மிஷன் வீட்டில் ஃபாதர் குடிவைத்த பாகிஸ்தான் குடும்பத்தை உடனே வெளியேற்ற வேண்டுமாம். அவர்கள் கத்தோலிக்கர்கள் இல்லையாம், கத்தோலிக்கர் வேஷம் போட்டவர்களாம். தோட்டத்துக்கு ஆபத்தாம். கீழே நாற்பத்தொரு கையெழுத்து. முதல் கையெழுத்து அ. மரியசூசை, உபதேசியார். என் அண்ணன்.

லோஜினியிடம் விவரம் கேட்டேன். புருஷன் பெயர் பர்வேஸ் மசிஹ், மனைவி ஷாஸியா, ஆறு வயதில் ஒரு மகள். அவர்கள் ஊரில் யாரோ பக்கத்துக் கடைக்காரன் பகையில் பொய்ப்பழி போட்டு, கூட்டம் வந்து வீட்டைக் கொளுத்தியதாம். ஐ.நா. அகதி அட்டை இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கடைசி வாங்குப் பலகையில் உட்காருகிறார்களாம். ஷாஸியா முக்காடு போட்டு நன்மை அப்பம் வாங்குகிறாளாம். நன்மை வாங்க வருகிறவர்களை வரிசைப்படுத்தி நிற்கவைப்பது நீங்கள்தானே அண்ணா? அவள் நாக்கை நீட்டி நன்மை வாங்கும்போது பக்கத்தில் தட்டுப் பிடித்து நின்றவரும் நீங்கள்தானே? பிறகு எந்தக் கையால் கையெழுத்துப் போட்டீர்கள்?

இயேசு பிறந்த நத்தார் முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. குடில் கட்டி, அதில் இடம் கிடைக்காத குடும்பத்தை வைத்து, முழங்கால் போட்டுவிட்டு, எழுந்து போய்ப் பெட்டிசன் கொடுத்திருக்கிறீர்கள்.

பதில் எழுதுங்கள். கோல் வேண்டாம், உங்கள் குரலைக் கேட்டால் நான் கத்திவிடுவேன்.

ஜீவராணி


வெள்ளிமலைத் தோட்டம், டயகம
1 பெப்ரவரி 2026

ஜீவா,

உன் கடிதம் கிடைத்தது. வாசித்துவிட்டுக் கிழிக்கத்தான் நினைத்தேன். பிரியந்தி வாங்கி வைத்துக்கொண்டாள். "அவளுக்கு என்னங்க தெரியும், சொன்னாத்தானே தெரியும்" என்றாள். அண்ணி சொன்னதால் எழுதுகிறேன்.

நவம்பர் கடைசி மழையில் மண் சரிந்தது என்று உனக்குச் சொன்னேன். நாங்கள் சுகம், பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம் என்றும் சொன்னேன். மிச்சத்தைச் சொல்லவில்லை. ஐந்தாம் நம்பர் லயம், அந்த வீட்டு வரிசை முழுக்கப் போய்விட்டது. பழனியாண்டியின் பெண்சாதியையும் மகளையும் மூன்றாம் நாள்தான் தோண்டி எடுத்தோம். நான்தான் அந்தப் பிள்ளையின் காலை முதலில் பார்த்தேன். பதினான்கு குடும்பம் இன்றைக்கும் பள்ளிக்கூட மண்டபத்தில் கிடக்கிறோம். ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். காலை ஏழு மணிக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு எல்லாரும் வெளியே போய்விட வேண்டும். பிள்ளைகள் போன பிறகு, இரண்டு மணிக்குத்தான் திரும்ப உள்ளே. வேலைக்குப் போகிறவர்கள் மலைக்குப் போய்விடுவார்கள். போக முடியாதவர்கள் மழையில் மாமரத்தடியில் நிற்பார்கள்.

உன் அண்ணிக்கு டிசம்பரில் இருந்து மூச்சு இழுக்கிறது. சீமெந்துத் தரைக் குளிர். இதையும் உனக்குச் சொல்லவில்லை. நீ அங்கே தனியாக அழுவாய் என்றுதான்.

மிஷன் வீடு உனக்குத் தெரியும். இரண்டு அறை, அடுப்படி, கக்கூஸ், தண்ணீர் டேப். வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. டிசம்பர் முதல் வாரமே ஃபாதரிடம் போய்க் கேட்டேன். எனக்குக் கேட்கவில்லை, பள்ளிக்கூடம் திறந்த பிறகு நோயாளிகளும் கைக்குழந்தைக்காரிகளும் பகலில் படுக்கவாவது கேட்டேன். "கூரை பழுது உபதேசியார், ஏதாவது நடந்தா நான்தான் பதில் சொல்லணும்" என்றார். பதினாறு வருஷம் அந்தக் கோயில் மணியை அடித்தவன் நான். தலையாட்டிவிட்டு வந்தேன். நத்தாருக்கு நான்கு நாள் முன்னால் ஒரு வேன் வந்தது. தகரம் இறங்கியது, கூரை இரண்டு நாளில் சரியானது. பிறகு அவர்கள் இறங்கினார்கள். நான் மண்டபத்து வாசலில் சுருட்டின பாயோடு நின்று பார்த்தேன்.

இந்த நாட்டில் நம்மைக் கள்ளத்தோணி என்றார்கள். தாத்தா காலத்தில் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். இருநூறு வருஷம் கழித்தும் எங்கள் பேரில் ஒரு பேர்ச் காணி இல்லை. வந்தவர்களுக்கு இடம் கொடு என்கிறாய். நாங்கள் எப்போது 'வந்தவர்கள்' என்ற பெயரில் இருந்து வெளியே வந்தோம்? எங்களுக்கு முதலில் ஒருவன் கதவைத் திறக்கட்டும்.

பெட்டிசனை நான் எழுதவில்லை. எழுதிக் கொண்டுவந்தார்கள், கையெழுத்துப் போட்டேன். அவ்வளவுதான். நீ அங்கே ஹீட்டர் போட்ட வீட்டில் உட்கார்ந்து எனக்கு ஞானோபதேசம் சொல்லாதே.

சூசை


நிக்கோசியா
19 பெப்ரவரி 2026

அண்ணா,

அண்ணிக்கு மூச்சு இழுப்பதை இரண்டு மாதம் என்னிடம் மறைத்தீர்களே, அது எந்த ஊர் நியாயம்? லோஜினியை மருந்து வாங்கிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஃபாதர் செய்தது பெரிய பிழை. அதை உங்களுக்காக நான் மறைக்க மாட்டேன், அவருக்காகவும் மறைக்க மாட்டேன். உங்களை எல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்து, இப்படி ஒரு குடும்பம் வருகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்க வேண்டும். நீங்கள் அவரோடு சண்டை போட்டிருக்கலாம். ஆயரிடம் போயிருக்கலாம். தோட்டத்துத் தொரையின் பங்களா வாசலில் பதினான்கு குடும்பமும் போய்ப் பாய் விரித்திருக்கலாம். அந்த பங்களாவில் எத்தனை அறை? அதைக் கேட்டு ஒரு பெட்டிசன் போனதா? இல்லை. ஃபாதர் மேல் கோபம், தொரை மேல் கோபம், அரசாங்கத்தின் மேல் கோபம். இறக்கி வைத்த இடம் மட்டும் ஒரு நாதியற்ற பெண்ணின் தலை.

இன்னொன்று. எழுதிக் கொண்டுவந்தார்கள், கையெழுத்து மட்டும் போட்டேன் என்கிறீர்கள். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிங்களத்தில் எழுதியிருக்கிறது. பிழை இல்லாத, அழகான சிங்களம். நம் தோட்டத்தில் அப்படி எழுத ஒருவருக்குத்தான் தெரியும். என் பாஸ்போட்டுக்கு விண்ணப்பம் எழுதிய கை அது. எனக்குத் தெரியாதா அண்ணா அந்தக் கை?

ஹீட்டர் என்றீர்கள். சொல்கிறேன், கேளுங்கள்.

நான் வேலைக்கு நின்று பார்த்துக்கொண்டிருந்த கிழவி போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மார்ச்சில் இறந்துபோனாள். அடக்கம் முடிந்த மறுநாள் அவள் மகன் என் பெட்டியை வாசலில் வைத்தான். வேறு வீடு கிடைப்பதற்குள் விசா முடிந்துவிட்டது. அன்றிலிருந்து இங்கே எனக்குக் கடதாசி இல்லை. உங்களுக்குப் புரிகிற வார்த்தையில் சொன்னால், நான் கள்ளத்தோணி. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை போகிற கோயிலில் இருக்கிற வயசான சாமியார், உடுப்புகள் வைக்கிற அறையில் என்னையும் இரண்டு பிலிப்பைன் பெண்களையும் படுக்க விட்டார். பத்தொன்பது நாள். பூசை உடுப்புகள் தொங்குகிற அலுமாரிக்குக் கீழே படுத்தேன். அந்தப் பத்தொன்பது நாளும் உங்களுக்குக் கோல் எடுத்துச் சிரித்துப் பேசினேன்.

இருபதாம் நாள் பொலிஸ் வந்தது. யாரோ கடிதம் போட்டிருந்தார்கள். யாரோ இல்லை, அதே கோயிலில் காணிக்கை எடுக்கிறவர். கோயிலின் நல்லபெயரைக் காப்பாற்றத்தான் எழுதினாராம். நல்ல கத்தோலிக்கர். உங்களைப்போல.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத மாட்டேன். இன்றைக்கு ஒரு வீட்டில் இருக்கிறேன், வேலை செய்கிறேன், வெளியே போகும்போது பொலிஸ் ஜீப்பைப் பார்த்தால் கடைக்குள் நுழைந்துவிடுகிறேன்.

நேற்றுச் சாம்பல் புதன். நீங்கள் எல்லார் நெற்றியிலும் சாம்பல் பூசியிருப்பீர்கள். அந்த ஷாஸியா நெற்றியிலும் பூசியிருப்பீர்கள். போய்ப் பெட்டிசனை வாபஸ் வாங்குங்கள். இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே போங்கள்.

ஜீவராணி


வெள்ளிமலைத் தோட்டம்
14 மார்ச் 2026

ஜீவா,

உன் கடிதம் ஒன்பதாம் தேதி கிடைத்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பெட்டிசனை எழுதியது நான்தான். மண்டபத்து விளையாட்டு மேசையில் வைத்து, ஒரே மூச்சில் எழுதினேன். 'கத்தோலிக்கர் வேஷம்' என்ற வார்த்தையை மற்றவர்கள்தான் சொன்னார்கள். பெயரைக் கேட்டால் முஸ்லிம் பெயர் மாதிரி இருக்கிறது, அப்படிப் போட்டால்தான் பொலிஸ் அசையும் என்றார்கள். பொய் என்று எனக்குத் தெரியும். எழுதினேன்.

பெப்ரவரி இருபத்தேழு, வெள்ளிக்கிழமை. பின்னேரம் சிலுவைப்பாதைக்கு நான் கோயிலைத் திறந்துகொண்டிருந்தேன். இரண்டு ஜீப் வந்தது. ஃபாதர் கொட்டகலைக்குப் போயிருந்தார். பொலிஸ் பொறுப்பதிகாரி, ஓ.ஐ.சி., நேராக என்னிடம் வந்து, பெட்டிசனில் முதல் கையெழுத்து உன்னுடையதுதானே, வா என்றார். மிஷன் வீட்டு வாசலில் அந்த மூன்று பேரும் நின்றார்கள். ஓ.ஐ.சி.க்கு அவர்கள் பேசுவது புரியவில்லை. "இவன் கத்தோலிக்கன் என்றால் செபம் சொல்லட்டும், நீ உபதேசியார்தானே, சரியா என்று பார்த்துச் சொல்" என்றார்.

நான் கையெடுத்துக் கும்பிட்டுக் காட்டினேன். அந்த ஆள், பர்வேஸ், புரிந்துகொண்டு முழங்கால் போட்டார். ஈர மண்ணில். அவர் பாஷையில் சொன்னார். ஒரு வார்த்தை எனக்குப் புரியவில்லை ஜீவா, ஆனால் அது பரமண்டலத்தில் இருக்கிற எங்கள் பிதாவே என்று எனக்குத் தெரிந்தது. எங்கே மூச்சு விடுவோமோ அங்கே மூச்சு விட்டார். கடைசியில் மூன்று பேரும் ஆமென் சொல்லிச் சிலுவை அடையாளம் போட்டார்கள். சின்னப்பிள்ளை இடது தோளையும் வலது தோளையும் மாற்றிப் போட்டது. தாய் அதன் கையைப் பிடித்துத் திருத்தினாள்.

ஓ.ஐ.சி. என்னைப் பார்த்து, "மேக ஹரித?" என்று கேட்டார். இது சரியா?

எனக்குப் பின்னால் நம் ஆட்கள் முப்பது பேர் நின்றார்கள். பழனியாண்டி நின்றான்.

"தன்னே நே, சேர்" என்றேன். எனக்குத் தெரியாது என்றேன்.

அவர்களை ஜீப்பில் ஏற்றினார்கள். தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார்கள். ஜீப் போன பிறகு நான் கோயிலுக்குள் போய்ச் சிலுவைப்பாதை நடத்தினேன். முதல் நிலையோடு புத்தகத்தை நீட்டிவிட்டேன். வேறு ஆள் வாசித்தார்.

மறுநாள் தோட்ட நிர்வாகம் மிஷன் வீட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டது. அனுமதி இல்லாமல் ஆள் வைத்த கட்டடமாம், இனி கோயிலுக்கும் உரிமை இல்லையாம். பதினான்கு குடும்பத்தில் ஒருவருக்கும் அது கிடைக்கவில்லை.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பாயைச் சுருட்டினோம். பிரியந்தி எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். வெளியே வா, பிள்ளைகள் வரும் நேரம் என்றேன். "நான் எங்கங்க போறது?" என்றாள். எப்போதும் போகிற இடத்துக்குப் போ என்றேன். அப்போதுதான் சொன்னாள்.

"ரெண்டு மாசமா பகல்ல நான் அந்தப் பொண்ணு வீட்டுலதாங்க படுத்திருந்தேன். மாமரத்தடியில இருமிக்கிட்டு நின்னவளை அதுதான் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போச்சு. அதோட கட்டில்ல என்னப் படுக்க வச்சுட்டு அது கீழ உக்காந்திருக்கும். சுடுதண்ணி ஆவி புடிச்சு விடும். சுலக்ஷனாவும் கைப்புள்ளையத் தூக்கிக்கிட்டு அங்கதான் வந்தா. உங்ககிட்டச் சொன்னா நீங்க சத்தம் போடுவீங்கன்னு சொல்லல. இப்ப சொல்லுங்க, நான் எங்க போறது?"

நான் ஃபாதரிடம் கேட்டது அதைத்தான். நோயாளிகளும் கைக்குழந்தைக்காரிகளும் பகலில் படுக்க ஓர் இடம். அவர் கொடுக்கவில்லை. அந்தப் பெண் கேட்காமலே கொடுத்திருக்கிறாள்.

அன்றிலிருந்து பன்னிரண்டு நாளாகப் பிரியந்தி என்னோடு பேசவில்லை. நீயும் ஏச வேண்டியதை ஏசி எழுது.

சூசை


நிக்கோசியா
30 மார்ச் 2026

மரியசூசை உபதேசியார் அவர்களுக்கு,

அண்ணா என்று எழுத முடியவில்லை.

உங்கள் கடிதத்தைக் குசினி அடுப்புப் பக்கம் நின்று வாசித்தேன். வீட்டுக்காரி என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள். அவ்வளவு சத்தம் போட்டிருக்கிறேன்.

'ஏசி எழுது' என்கிறீர்கள். ஏச்சு வாங்கினால் மனசு லேசாகும், அதற்குத்தானே கேட்கிறீர்கள்? ஏச மாட்டேன். உங்களுக்கு அந்த ஆறுதலை நான் தரப்போவதில்லை.

வியாழக்கிழமை பெரிய வியாழன். ஃபாதர் பாதம் கழுவும்போது தண்ணீர்ச் செம்பைப் பிடித்து நிற்பது நீங்கள். இந்த வருஷம் நிற்காதீர்கள். வெள்ளிக்கிழமை இயேசுவின் பாடுகளை, பாஸ்கு வாசிக்கும்போது, அவரை எனக்குத் தெரியாது என்று இராயப்பர் மறுதலிக்கிற இடங்களை நீங்கள்தான் வாசிப்பீர்கள், சின்ன வயதில் இருந்து கேட்டிருக்கிறேன். அதையும் வாசிக்காதீர்கள். நீங்கள் அதை ஏற்கனவே செய்துவிட்டீர்கள், அதுவும் சிங்களத்தில்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். உங்களுக்கு நல்ல சிங்களம் வரும். அதே கையால் இன்னொரு கடிதம் எழுதுங்கள். நான் எழுதியது பொய், அது பொய் என்று தெரிந்தே எழுதினேன், அந்த ஆள் சொன்ன செபம் சரியானது, எனக்குத் தெரியும் என்று எழுதுங்கள். உங்கள் பெயரை மட்டும் போடுங்கள். நாற்பது பேருக்குப் பின்னால் ஒளியாதீர்கள். கொண்டுபோய்க் கொடுங்கள். அந்த முகாமுக்கும் போங்கள்.

அதுவரைக்கும் எனக்கு எழுத வேண்டாம். அண்ணிக்கு நான் தனியாக எழுதிக்கொள்கிறேன்.

ஜீவராணி


வெள்ளிமலைத் தோட்டம்
26 ஏப்ரல் 2026

ஜீவா,

எழுதிவிட்டேன். கொடுத்துவிட்டேன். அதனால்தான் இதை எழுத உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

உன் கடிதம் பாஸ்கு முடிந்த பிறகுதான் வந்தது. ஆனாலும் அன்றைக்கு நான் வாசிக்கவில்லை. தொண்டை சரியில்லை என்று ஃபாதரிடம் சொன்னேன். அதுவும் ஒரு பொய்தான்.

போன திங்கட்கிழமை ஃபாதரும் நானும் பொலிசுக்குப் போனோம். பஸ்ஸில் அவரிடம் முதல் தடவையாகக் கேட்டேன், எங்களுக்கு ஏன் தரவில்லை என்று. "பதினாலு குடும்பம், ரெண்டு அறை. ஒருத்தருக்குக் குடுத்தா பதிமூணு பேரு என்னோட சண்டைக்கு வருவீங்கன்னு பயந்தேன் உபதேசியார். கூரையச் சாட்டுச் சொன்னேன்" என்றார். நானும் அவரும் ஒரே மாதிரிக் கோழைகள். திட்டினேன். சாமியாரை அப்படித் திட்டியதில்லை. பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஓ.ஐ.சி. என் கடிதத்தை வாசித்தார். சிரித்தார். "அன்றைக்குத் தெரியாது, இன்றைக்குத் தெரியுமா? பொய்ப் பெட்டிசன் கொடுத்தால் உன்மேல் வழக்குப் போடலாம், தெரியுமா?" என்றார். போடுங்கள் சேர் என்றேன். வாக்குமூலமாக எழுதிக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். புத்தகத்தைத் திறந்தார். பெயர், அடையாள அட்டை எண், பிறகு நிரந்தர முகவரி. ஐந்தாம் நம்பர் லயம் என்றேன். "அது மண்ணுக்குள் போய்விட்டதே. நிரந்தர முகவரி சொல்" என்றார். பள்ளிக்கூட மண்டபம் என்றேன். அது முகவரி இல்லை என்று பேனாவை மூடிவிட்டார்.

நின்றேன் ஜீவா. ஊர் பேர் இல்லாதவர்களைத் துரத்தச் சொல்லிப் பெட்டிசன் எழுதியவன், ஊர் பேர் இல்லாமல் அந்த மேசைக்கு முன்னால் நின்றேன். என்ன அவமானமோ, என்ன கோபமோ, மேசையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு நான் பொய் எழுதிக் குடுத்தப்ப முகவரி கேட்டீங்களா சேர்?" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். பிறகு சிங்களத்தில் சொன்னேன். எழுதிக்கொள்ளும்வரை போகமாட்டேன் என்று வாங்கில் உட்கார்ந்தேன். பகல் சாப்பாட்டு நேரம் தாண்டியது. மூன்று மணிக்குக் கோயில் முகவரியைப் போட்டு எழுதிக்கொண்டார்கள். ஐ.நா. காரியாலயத்துக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறோம். வழக்கு விசாரணைக்கு அது உதவும் என்றார்கள். எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

தோட்டத்தில் என்னை யாரும் பார்ப்பதில்லை. கோயில் கமிட்டி கூடி, உபதேசியார் வேலையில் இருந்து என்னை நிறுத்திவிட்டது. பொய் எழுதியதற்காக இல்லை, அதை ஒப்புக்கொண்டதற்காக. நாற்பது பேரையும் காட்டிக்கொடுத்தேனாம். பழனியாண்டி மட்டும் வந்தான். "நான் பேர் போட்டது என் புள்ள போன வெறியில. அந்தப் புள்ளைய ஜீப்புல ஏத்துறப்பத்தான் என்ன செஞ்சோம்னு புரிஞ்சுச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நேற்றுச் சனிக்கிழமை ஃபாதரும் நானும் முகாமுக்குப் போனோம். பர்வேஸ் என்னைப் பார்க்க வரவில்லை. ஷாஸியா வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம். அவள் ஆங்கிலத்தில் பேசியதை ஃபாதர் சொன்னார். நான் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்த எதையும் சொல்லவில்லை, ஏனென்றால் அவள் முதலில் கேட்டாள்: "பிரியந்திக்கு மூச்சு எப்படி இருக்கிறது?"

நான் அழுதேன். அவள் அழவில்லை. நான் முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள், "அன்றைக்கு அவர் சொன்ன செபம் உங்களுக்குத் தெரிந்ததா?" தெரிந்தது என்றேன். "உங்களுக்குத் தெரிந்தது என்று எனக்கும் தெரியும். உங்கள் உதடு அசைந்ததைப் பார்த்தேன். அவரோடு சேர்ந்து நீங்களும் சொன்னீர்கள்" என்றாள்.

அது எனக்கே தெரியாது ஜீவா.

"இனிமேல் பிரியந்தியைக் கூட்டிவாருங்கள், உங்களை மட்டும் பார்க்க எனக்கு விருப்பமில்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சூசை


நிக்கோசியா
12 மே 2026

அண்ணா,

நான் உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். என்னிடம் அதைக் கேட்கவும் வேண்டாம். அது என் கையில் இல்லை, அந்தக் கம்பிக்குப் பின்னால் இருக்கிறது.

கமிட்டிக்காரர்கள்மேல் எனக்கு வருகிற கோபத்தை இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன். அடுத்த சனிக்கிழமையும் முகாமுக்குப் போங்கள். அதற்கடுத்த சனிக்கிழமையும் போங்கள். அண்ணிக்கு முடிந்தால் கூட்டிப்போங்கள். முடியாவிட்டால் தனியாகப் போய், சாமானைக் கொடுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பி வாருங்கள். பர்வேஸ் வராவிட்டால் வராமல் இருக்கட்டும். அவருக்கு அந்த உரிமை இருக்கிறது.

வெறுங்கையோடு போகாதீர்கள். ஷாஸியாவுக்கு மாதவிடாய்த் துணி, உள்பாவாடை, நல்ல சீப்பு. இதையெல்லாம் அங்கே கேட்க வெட்கமாக இருக்கும், அண்ணியிடம் சொல்லி வாங்குங்கள். பிள்ளைக்குக் கம்பளிக் காலுறை, பென்சில், கொப்பி. பேனா வேண்டாம், பறித்துவிடுவார்கள். கண்ணாடிப் போத்தலில் எதுவும் வேண்டாம். பர்வேஸுக்குச் சப்பாத்து வாங்கினால் லேஸ் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். லேஸ் இருந்தால் வாசலிலேயே உருவி எடுத்துவிடுவார்கள், பிறகு காலைத் தேய்த்துத் தேய்த்துத்தான் நடக்க வேண்டும்.

எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தக் காணிக்கைக்காரர் கடிதம் போட்ட பிறகு என்னை முப்பத்தொரு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். அந்த முப்பத்தொரு நாளும் நான் அப்படித்தான் நடந்தேன். யாரும் பார்க்க வரவில்லை.

ஜீவா